ராஜா என்ன கேட்டார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

போன டிசம்பர் கடைசியில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வரும்போது, வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே என் மகள் கதை சொன்னாள். "ஒரு கெட்ட ராஜாவாம். ஒரு நல்ல பிஷப்பாம். ராஜா சொன்னதை அவர் கேட்கலையாம். அதனால கோயிலுக்குள்ளயே வெட்டிட்டாங்களாம்." அந்த பிஷப், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் பெக்கெட். டிசம்பர் 29 அவருடைய நினைவு நாள். கிறிஸ்மஸ் பலகாரம் தீராத வாரத்தில் அவரை நினைத்துப் பாடம் எடுத்ததே பெரிய விஷயம், நன்றி. "சரி, ராஜா அப்படி என்னதான் சொன்னாராம்?" என்று கேட்டேன். "அதை டீச்சர் சொல்லலை" என்றாள்.

இந்த மடல் அந்தக் கேள்விக்காகத்தான்.

ராஜா, இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி. அவர் கேட்டவற்றில் முக்கியமான ஒன்று இதுதான்: கொலையோ கொள்ளையோ செய்த குருவைத் திருச்சபை நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டால், பட்டத்தைப் பறித்துவிட்டு அரசு நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காலத்தில் திருச்சபைப் பணிக்கு அடையாளமாக உச்சிமுடி மழித்தவர்கள் எல்லாரும், பலிபீடத்தில் நிற்காத சிறு பட்டக்காரர்கள்கூட, திருச்சபை நீதிமன்றத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள். அங்கே ரத்தம் சிந்தும் தண்டனை கிடையாது. பெட்ஃபர்டில் பிலிப் த ப்ராய் என்று ஒரு குரு. ஒரு வீரரைக் கொன்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு. ஆயரின் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார், விடுதலையானார். அரசு நீதிபதி அந்த வழக்கைத் திரும்பக் கிளறியபோது, பிலிப் அந்த நீதிபதியைக் கண்டபடி ஏசிவிட்டார். கடைசியில் அவருக்குத் தண்டனை கிடைத்தது ஏசியதற்குத்தான், கொலைக்கு இல்லை. ராஜாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பெக்கெட்டின் பதில், ஒரே குற்றத்துக்குக் கடவுளே இரண்டு முறை தண்டிப்பதில்லை என்பது. பட்டம் பறித்தது ஒரு தண்டனை, அதற்கு மேல் இன்னொன்று கூடாது. இன்று இதை ஒரு ஆயர் சொன்னால் நீங்களும் நானும் என்ன சொல்வோம்? திருச்சபைக்குள் நடந்த குற்றங்களை மூடி மறைத்த செய்திகளைப் படித்துவிட்டு வந்து இந்தக் கதையைக் கேட்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத்தான் முதலில் கேட்கும்.

அதற்காக ஹென்றியை நல்லவராக்கிவிடவும் முடியாது. 1164 ஜனவரியில் கிளாரண்டன் என்ற அரண்மனையில் கூடிய சபையில் அவர் நீட்டிய பட்டியலில் பதினாறு விதிகள். அரசன் அனுமதியில்லாமல் திருத்தந்தையிடம் மேல்முறையீடு போகக் கூடாது. ஆயர் இல்லாத மறைமாவட்டத்தின் வருமானம் ராஜாவின் கைக்கு. அடுத்த ஆயரை ராஜாவின் சம்மதத்தோடு, ராஜாவின் சொந்தச் சிற்றாலயத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கெல்லாம் தலையாட்டியிருந்தால் திருச்சபை அரண்மனையின் இன்னொரு இலாகாவாகியிருக்கும். கிளாரண்டனில் பெக்கெட் முதலில் தலையாட்டினார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்த இடம். வாயால் ஒப்புக்கொண்டார். அப்புறம் மனம் குத்தி, திருப்பலி நிறைவேற்றுவதையே கொஞ்ச நாள் நிறுத்திக்கொண்டார்.

அவர் ஆரம்பத்திலிருந்தே புனிதரும் இல்லை. ஹென்றியின் சான்சலர், அதாவது தலைமைச் செயலர்; உயிர் நண்பர். 1158-இல் பாரிஸுக்குத் தூது போனபோது பொதி சுமந்த குதிரை ஒவ்வொன்றின் மேலும் ஒரு குரங்கை உட்காரவைத்துக் கூட்டிப்போனவர். 1162 ஜூன் 2-இல் குருப்பட்டம், மறுநாளே பேராயர். நம் ஆள் என்று நம்பித்தான் ராஜா அந்த நாற்காலியைக் கொடுத்தார்.

ராஜாவோடு முட்டிக்கொண்டு பிரான்சில் ஆறு வருடம் அடைக்கல வாழ்க்கை, பாதி ஒட்டிய சமாதானம், 1170 டிசம்பரில் ஊர் திரும்பியது, எல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கும். டிசம்பர் 29 மாலையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். அவரைத் தேடி வந்த ஹென்றியின் நான்கு வீரர்கள் ஆயுதம் தரிக்க வெளியே போன நேரத்தில் துறவிகள் அவரைக் கேன்டர்பரி பேராலயத்துக்குள் இழுத்து வந்தார்கள். உள்ளே மாலைச் செபம். துறவிகள் கதவைத் தாழிடப் போனார்கள். செப வீட்டைக் கோட்டையாக்கக் கூடாது என்று அவர்தான் திறக்கச் சொன்னார். "எங்கே அந்தத் துரோகி?" என்று கேட்டு வந்தவர்களிடம், துரோகியல்ல, கடவுளின் குரு என்று முன்னால் வந்து நின்றார். வெளியே இழுத்துப் போக முயன்றபோது அந்த நால்வரில் ஒருவரான ரெஜினால்ட் ஃபிட்ஸர்ஸைப் பிடித்துத் தள்ளி, பிள்ளைகளிடம் சொல்ல முடியாத ஒரு வசவும் வைத்தார். ஆட்டுக்குட்டி போலச் சாகவில்லை. முதல் வெட்டைத் தடுக்கப்போன எட்வர்ட் க்ரிம் என்ற திருச்சபைப் பணியாளரின் கை கிழிந்தது. நாம் இதையெல்லாம் தெரிந்துகொண்டது க்ரிம்மும் இன்னும் சிலரும் எழுதிவைத்ததால்தான். கடைசி வெட்டில் கல்தரையில் பட்டு வாளே உடைந்தது. உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தபோது உள்ளே தவத்துக்காக உடுத்தும் முரட்டு மயிராடை, அது முழுக்கப் பேன்.

மூன்று வருடம் ஆவதற்குள் புனிதர் பட்டம். 1174 ஜூலையில் ஹென்றி வெறுங்காலோடு நடந்து வந்து அந்தக் கல்லறை முன் துறவிகளிடம் சாட்டையடி வாங்கினார். குருக்கள்மேல் வழக்குப் போடும் விஷயத்திலும் பெரும்பாலும் பணிந்தார். ராஜாவின் காட்டில் மான் அடித்தால் மட்டும் விடுவதாக இல்லை! இங்கிலாந்தில் குருக்களுக்கான அந்தச் சலுகை 1827 வரை நீடித்தது. போகப் போக அது எங்கேயோ போய்விட்டது: எழுதப் படிக்கத் தெரிந்தவன் எவனும் "நானும் குருதான்" என்று நீதிமன்றத்தில் 51-ஆம் திருப்பாடலின் முதல் வரியை வாசித்துக் காட்டித் தூக்கிலிருந்து தப்பினான். வாசிக்கத் தெரியாதவர்களில் சிலர் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்களாம்.

வரும் டிசம்பரில் பிலிப் த ப்ராயையும் அந்தப் பதினாறு விதிகளில் நான்கைந்தையும் வகுப்பில் வைத்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களை ராஜா கட்சி, பேராயர் கட்சி என்று பிரித்து அரை மணி நேரம் வாதாட விடுங்கள். என் மகள் இப்போதே ராஜா கட்சிக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் பங்கில் ஒரு தகப்பன்