வார்டோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட கால் உளைவு இப்ப எப்பிடி? கடிதம் கிடைச்சுது. போனில உங்களுக்குச் சரியாக் கேக்கிறேல்ல எண்டு தங்கச்சி சொன்னவள். அவள் வாசிச்சுக் காட்டுவாள்தானே, ஆனபடியால் எழுதியே அனுப்புறன். "அந்தத் தீவில கடை கண்ணி இருக்கோ, என்னத்தைத் தின்னுறாய்?" எண்டு கேட்டிருந்தியள். அதையே முதல் சொல்லுறன்.

வார்டோ நோர்வேயின்ர வடகிழக்கு மூலையில கிடக்கிற சின்னத் தீவுதான். ஆனா நயினாதீவுக்குப் போறமாதிரி வள்ளம் பாத்து நிக்கத் தேவையில்லை. கடலுக்கு அடியால 2.9 கிலோமீற்றர் சுரங்கப்பாதை கிடக்கு. நோர்வேயில கடலுக்குக் கீழ வெட்டின முதல் சுரங்கம் இதுதான், 1982இல் முடிஞ்சது. சாமான் லொறி எல்லாம் அதாலதான் வரும். கரைச்சல் சுரங்கத்தில இல்லை, அங்கால வட்சோ பட்டணத்துக்குப் போற 75 கிலோமீற்றர் றோட்டில. மரம் மட்டை இல்லாத வெளி, காத்து பனியை வாரி றோட்டை மூடிப்போடும். அப்ப தடையை இறக்கி மறிப்பினம், இல்லாட்டி பனி வழிக்கிற வாகனத்துக்குப் பின்னால வரிசையா விடுவினம். ரண்டு நாள் மறிச்சால் கடையில முதல் முடியிறது பால், பிறகு பாண், பிறகு இலை வகை. கிழங்கும் கோவாவும் கரட்டும் கடைசி மட்டும் கிடக்கும். புயல் எண்டு அறிவிச்சவுடன முதல் நாளே வாங்கிப்போட வேணும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு. 100 சதுர மீற்றருக்கு உட்பட்ட மளிகைக் கடைக்கும் பெற்றோல் செற்றுக்கும்தான் திறக்கச் சட்டம் விடும், அங்க விலை கூட. பியர் வார நாளில இரவு 8 மணிக்குப் பிறகும் சனிக்கிழமை 6 மணிக்குப் பிறகும் கடையில விக்கேலாது. இதைச் சின்ன மாமாவுக்கு ரண்டு தரம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. திகதி முடியப்போற சாமானுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பினம். நல்ல சாமான்தான், வீணாக்கக் கூடாது எண்டு நான் அதைப் பாத்து எடுக்கிறனான். வெறும் போத்தலைக் கடையில இருக்கிற மெசினுக்குள்ள போட்டால் சின்னனுக்கு இஞ்சத்தைக் காசில 2 குறோணர், பெரிசுக்கு 3 குறோணர் திரும்பி வரும்.

தூள், புளி, ஒடியல் மா எல்லாம் ஒஸ்லோவில இருக்கிற எங்கட ஆக்களின்ர கடையில இருந்து பார்சலில எடுக்கலாம். மாரியில கறிவேப்பிலை மட்டும் எடுக்கப்படாது, வழியில உறைஞ்சு கறுத்துப்போகும். தேங்காய்ப்பால் இஞ்சயே 400 மில்லிலீற்றர் ரின்னில கிடைக்கும். ரின்னைக் குலுக்காமல் திறந்தால் மேல கட்டியா நிக்கிறது முதற்பால், கீழ கிடக்கிற தண்ணி ரண்டாம் பால். பிட்டுக்குக் கோதுமை மாவைத் துணியில கட்டி அவிச்சு, சூடு ஆறமுன்னம் உதிர்த்து அரிச்சு வைக்கிறன். ஆறினால் கல்லாப்போகும், பிறகு அரிதட்டில இறங்காது.

மீனுக்குக் குறைவில்லை. தோஸ்க் எண்ட மீனைத்தான் இஞ்ச எல்லாரும் கொண்டாடுவினம், எங்கட குழம்புக்கு அது சரிவராது, இதழ் இதழாக் கழண்டுபோகும். சேய் எண்டு கறுத்த முதுகு மீன் ஒண்டு இருக்கு, அது மலிவு, சதையும் கொஞ்சம் இறுக்கம். பொரிக்கிறதுக்கு ஸ்டைன்பிட் எண்ட மீன். எதெண்டாலும் புளியையும் தூளையும் முதல் நல்லாக் கொதிக்க விட்டு, எண்ணெய் மிதந்த பிறகுதான் மீனைப் போடவேணும். அஞ்சு நிமிசம் காணும். அகப்பை போடாமல் சட்டியைப் பிடிச்சுச் சுழட்டி இறக்கவேணும்.

கருவாடு பெரிய புதினம். தலையை வெட்டி, வாலில ரண்டு ரண்டாக் கட்டி, மரச் சட்டத்தில பெப்ரவரியில இருந்து மே மட்டும் தொங்கவிடுவினம். உப்பே போடுறேல்ல. குளிரில இலையானும் இல்லை, புழுவும் இல்லை, காத்தே காய வைச்சுப்போடும். தடிமாதிரி இருக்கும். துண்டாக்கிப் பிறிஜ்ஜுக்குள்ள ஒரு கிழமை ஊறவிட்டு நாளும் தண்ணி மாத்த வேணும். அடுப்படியில வைச்சு ஊறவிட்டால் ரண்டாம் நாளே வழுவழுத்து நாறிப்போகும். கத்தியால குத்தேக்க நடுவில கடினம் தட்டக்கூடாது, அதுதான் பதம். எங்கட கருவாட்டுக்குப் போடுற கணக்கில உப்புப் போட்டால் சப்பெண்டு கிடக்கும், கூடப் போடவேணும்.

கீழ்வீட்டுக் கிழவரும் பல்கனிக்குக் கீழ அப்பிடித்தான் தொங்கவிட்டிருக்கிறார். கதைக்கமாட்டார். கதவுப் பிடியில சேய் மீன் பையைக் கொளுவிப்போட்டுப் போயிடுவார். நான் கட்லட் குடுத்தால் அதுக்கு மேல மண்ணிறச் சீஸைச் சீவி வைச்சுத் தின்னுறார். சீஸ் பிரிச்சு மிஞ்சிற தண்ணியை வத்தக் காய்ச்சிச் செய்யிறது அது, இனிக்கும். தோஸ்க்கையும் சினையையும் ஈரலையும் வேற வேறயா அவிச்சு ஒரு தட்டில வைச்சுத் தின்னச் சொல்லி எனக்குச் சைகை காட்டினவர். வெயில் இல்லாத மாதங்களுக்கு ஈரல்தான் மருந்தாம்.

வெளியில சாப்பிட ஹோட்டல் இருக்கு, நோர்ட்போல் குரோ எண்டு 1858இல் துவங்கின பழைய தவறணை இருக்கு. சுற்றுலாக்காரர் ராச நண்டு கேட்டு வருவினம். 1960களில ரஷ்யாக்காரர் கொண்டுவந்து கடலில விட்டது பெருகி இஞ்ச வரைக்கும் வந்திட்டுது. பின்னேரம் தெற்கை போற கப்பல் கரைக்கு வந்து கட்டுற நேரம் கோப்பிக் கடையில இடம் கிடைக்காது. அவசரத்துக்குப் பெற்றோல் செற்றில கிழங்கு ரொட்டியில சுத்தின சொசேஜ். எனக்கு வீட்டுச் சாப்பாடுதான் சரி, அதுதான் வெளியில போறேல்ல.

நவம்பர் கடைசியில மறைஞ்ச சூரியன் ஜனவரி 20 மட்டில்தான் திரும்பி எட்டிப்பாக்கும். முழு வட்டம் தெரிஞ்ச அண்டைக்குக் இஞ்ச இருக்கிற கோட்டையில பீரங்கி சுடுவினம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு லீவு. தைப்பொங்கல் அதுக்கு முன்னம் வந்திட்டுது. மின்சார அடுப்பில பொங்கிப்போட்டு எந்தப் பக்கம் படைக்கிறது எண்டு தெரியேல்ல. முத்தத்தில நீங்கள் கோலம் போடேக்க மா கொட்டினதுக்கு என்னைப் பேசுவியளே அம்மா, அந்தப் பேச்சைக் கேட்டால் காணும்போல கிடந்தது.

சரி, அது கிடக்கட்டும். போன மாதம் காசு குறைஞ்சதுக்கு யோசியாதேங்கோ, குறோணர் விழுந்துபோச்சு, அவ்வளவுதான். காத்துக்குப் படகு போகாத நாளில வேலை இல்லை, நல்லா நித்திரை கொள்ளுறன். தங்கச்சியின்ர மாப்பிள்ளை பகுதியார் வீட்டை எழுதச் சொன்னால் உடன ஓம் எண்டாதேங்கோ. பொடியன் என்ன சொல்லுறான் எண்டு நேர கேளுங்கோ. குஞ்சியம்மாவின்ர மகள் ஒஸ்லோ வரேக்க தூள் ஒரு கிலோ, வேப்பம்பூ வடகம் கொஞ்சம் குடுத்துவிடுங்கோ. நெய் வேண்டாம், பால் சாமானை எல்லையில பறிப்பினம். கிணத்து மோட்டருக்கு வைண்டிங் செய்யிறதை விடப் புதுசு வாங்கலாம், விலையைக் கேட்டு எழுதுங்கோ. பெரியப்பா கிழக்கு வேலியை ஒதுக்கிப் போட்டிட்டார் எண்டால் சண்டை பிடியாதேங்கோ, சேவையரைக் கூப்பிட்டு அளவுங்கோ. காணி உறுதியை அவரிட்டக் குடுக்கவேண்டாம், போட்டோக் கொப்பி மட்டும் காட்டுங்கோ.

இப்படிக்கு,
அன்பு மகன்