சிலந்தி முட்டைக் குளவிக்கு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிலந்தி விவசாயியின் நண்பன் என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் படித்தேன், சரியான பேச்சு. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன், தத்துப்பூச்சியையும் புழுவையும் சிலந்தி பிடிப்பதைத் தினமும் பார்க்கிறவன். ஆனால் அதைப் படித்த பக்கத்துத் தோட்டக்காரர், சிலந்தி முட்டையை அழிக்கிற குளவி இருக்கிறதாமே, அதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

போன வருஷம் இலைக்கு அடியில் இருந்த ஒரு சிலந்தி முட்டைப் பையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயில் மல்துணி கட்டி வைத்தேன். சிலந்திக் குஞ்சுகளோடு, கசகசா அளவில், இறக்கையே இல்லாமல் எறும்பு மாதிரி ஓடுகிற சின்னக் குளவிகளும் வெளியே வந்தன. விசாரித்தால் பேயஸ் என்ற குளவி வகையாம், 1833இலேயே ஹாலிடே என்ற அயர்லாந்துக்காரர் பெயர் வைத்தது. ஆணுக்கு இறக்கை உண்டு, பெண்ணுக்குக் கிடையாது, முட்டைப் பையைச் சுற்றியிருக்கிற சிலந்தி நூலுக்குள் புகுந்து போக அதுதான் வசதி. உள்ளே போய் ஒரு சிலந்தி முட்டைக்குள் ஒரு முட்டை வைக்கும், அதிலிருந்து வரும் புழு அந்த முட்டையைத் தின்றே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, முழுக் குளவியாகத்தான் முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். வளர்ந்த சிலந்தியைத் தொடாது, நம்மையும் கொட்டாது.

சமவெளியில் கரும்புக்கு அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறார்களே டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி, அது கரும்பைத் துளைக்கிற இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள் செய்வதும் இதே வேலைதான். அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம், இதற்கு மட்டும் மருந்தா? அப்படியே அடித்தாலும் பைக்குள் பத்திரமாக இருக்கிற குளவிக்கு முன்னால் வெளியே நிற்கிற சிலந்திதான் சாகும், கூடவே நமக்கு உதவுகிற மற்றக் குட்டிக் குளவிகளும் போகும். என் குப்பியில் சிலந்திக் குஞ்சும் பிழைத்தே வந்தது, இந்தக் குளவி சிலந்தியை ஒழித்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை.

அப்புறம், கவாத்து முடிந்ததும் வெட்டின கிளைகளை எரிக்காமல் செடிக்கு அடியிலேயே பரப்பி விடுங்கள், முட்டைப் பைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை சிலந்தியைப் பற்றி எழுதும்போது இந்தக் குளவியின் படத்தையும் பெரிதாக்கிப் போடுங்கள் ஐயா, வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால்தான் எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்