அன்றாடச் செய்தியை ஓவியமாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நாள்தோறும் உலகச் செய்திகளை ஓவியமாக்கிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் செய்வது வீண்வேலை என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களை உங்கள் படம் ஒரு நிமிடமாவது நிறுத்திவைக்கிறது. நானும் சில மாதங்கள் இதைச் செய்தேன். காலையில் ஒரு செய்தியைப் படிப்பேன். அதன் முதல் பத்தியை அப்படியே எந்திரத்திடம் கொடுப்பேன். வருகிற நான்கு படங்களில் நன்றாக இருப்பதை எடுத்துவைப்பேன்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தவைத்தவள் ஒரு சிறுமி. வெள்ளச் செய்திக்கு வந்த படத்தில், கூரைமேல் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்; பெரிய கண்கள், பின்னால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பொன்னிற வெளிச்சம். சில வாரம் கழித்து வேறொரு கண்டத்தில் நிலநடுக்கம். அதே கண்கள், அதே கை, அதே வெளிச்சம். ஈரத்துக்குப் பதிலாகப் புழுதி. அடுத்து, எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்ட அகதிகள். அங்கேயும் அவள்தான். எடுத்துவைத்த படங்களை ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. நிலநடுக்கச் செய்தியில் குழந்தை என்ற சொல்லே இல்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறதா என்று கேட்பதற்காக மீட்புப் பணியாளர்கள் எல்லா எந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார்கள், ஒரு தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது என்றுதான் அதில் இருந்தது. என்னைக் கலங்கவைத்த அந்த ஒரு வரி படத்தில் எங்கேயும் இல்லை.

இது கருவியின் கோளாறு அல்ல. அது வேலை செய்யும் விதமே அப்படி. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு சேர்ந்த சொற்களையும் பார்த்து அது பழகியிருக்கிறது. ஒழுங்கில்லாமல் சிதறிய புள்ளிகளின் கூளத்தில் தொடங்கி, நாம் கொடுத்த சொற்களோடு வழக்கமாக எந்தக் காட்சி சேர்ந்து வருமோ அந்தத் திசையில் கூளத்தைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போகிறது. பயிற்சி முடிந்த பிறகு நடந்த எதையும் அது பார்த்ததில்லை. ஆக, இன்று காலை இடிந்த வீட்டை, என்றோ எங்கோ இடிந்த வீடுகளின் படங்களைக் கொண்டுதான் அது வரைகிறது. செய்தியோ வழக்கத்தை மீறி நடந்ததைச் சொல்வது. அதை வழக்கத்தின் பக்கமே இழுக்கும் ஒரு கருவியிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டால், எல்லாத் துயரமும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். போர்ச் செய்திகளில் இது இன்னும் மோசம். வன்முறைச் சொற்களைப் பல கருவிகள் ஏற்பதில்லை. சொல்லை மாற்றி மாற்றிக் கேட்டால் கடைசியில் அழகான ஒரு புகைமூட்டம் கிடைக்கும்.

‘நேரில் போய்ப் பார்த்தவர்தான் வரையலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஸ்பெயினில் உள்ள குவெர்னிகா நகரத்தின் மீது 1937 ஏப்ரல் 26 அன்று விமானங்கள் குண்டு வீசியபோது ஓவியர் பிக்காசோ பாரிசில் இருந்தார். செய்தித்தாளில்தான் படித்தார். மே 1 அன்று வரையத் தொடங்கி ஜூன் மாதம் முடித்தார். ஏழரை மீட்டருக்கும் மேல் அகலமான, அந்நகரத்தின் பெயரையே கொண்ட அந்த ஓவியத்தில் ஒரு விமானம்கூடக் கிடையாது. விமானத் தாக்குதலைப் பற்றிய ஓவியத்தில் விமானம் வேண்டாம் என்று ஒரு மனிதர் முடிவெடுத்தார். அந்த முடிவைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1816-இல் மெதூஸா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டியபோது ஏறத்தாழ நூற்றைம்பது பேர் ஒரு தெப்பத்தில் ஏற்றப்பட்டார்கள்; பதின்மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் பதினைந்து பேர்தான். உயிர் தப்பியவர்களைத் தேடிப்போய்ப் பேசி, தச்சரைக் கொண்டு அந்தத் தெப்பத்தின் மாதிரியைச் செய்யவைத்து, அதன் பிறகே தூரிகையை எடுத்தார் அவர்.

உங்கள் வேலைக்கு மிக நெருக்கமானவர் என்று எனக்குத் தோன்றுவது ஜப்பானில் பிறந்த ஓவியர் ஆன் கவாரா. 1966 ஜனவரி 4-இலிருந்து, ஒரே நிறப் பரப்பில் அன்றைய தேதியை மட்டும் வெள்ளை எழுத்தில் தீட்டிக்கொண்டே போனார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அந்த ஓவியத்தை அழித்துவிடுவார். ஓவியத்தை வைக்க அவரே ஓர் அட்டைப்பெட்டி செய்வார். பல பெட்டிகளின் உள்ளே அன்றைய செய்தித்தாளிலிருந்து வெட்டிய துண்டு ஒட்டப்பட்டிருக்கும். செய்தியை அவர் வரையவே இல்லை. ஆனால் எந்த நாள், அன்று உலகில் என்ன நடந்தது என்பது ஓவியத்தை விட்டுப் பிரியவில்லை. நம் படங்களோ செய்தியிலிருந்து பிரிந்து, தேதியும் ஊரும் இல்லாமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதை வேறொரு போரின் சாட்சியாகக் காட்டுவார். அன்று மறுப்பதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது.

ஆகவே, படத்தோடு தேதியையும், செய்தி வந்த இடத்தையும், எந்திரத்துக்கு நீங்கள் கொடுத்த சொற்களையும் சேர்த்தே வையுங்கள். எந்திரம் செய்தது என்பதைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கோப்புக்குள் புதைந்திருக்கும் குறிப்பு ஒரு திரைப்பிடிப்பிலேயே (ஸ்கிரீன்ஷாட்) போய்விடும். இறந்தவர்களையும் அடிபட்டவர்களையும் ஒளிப்படம் போலத் தோன்றும்படி உருவாக்காதீர்கள். 2021-இல் கொலம்பியாவில் நடந்த போராட்டங்களை நினைவுகூர மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் நார்வே கிளை 2023-இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டது. போராடியவர்களின் முகத்தை மறைத்துக் காப்பதற்காகவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் படத்தில் கொலம்பியக் கொடியின் நிறங்களே வரிசை மாறியிருந்தன. கண்டனம் எழுந்து, படங்களை நீக்க வேண்டியதாயிற்று. அங்கே உண்மையாகவே அடிபட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் படமெடுத்த ஒளிப்படக்காரர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், எந்த வரியை வரைவது என்பதை எந்திரத்திடம் விடாதீர்கள். முழுச் செய்தியையும் படியுங்கள். தலைப்பில் இல்லாத, உங்களைக் கலங்கவைத்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் கலங்கவைக்காத நாளில் படம் போடாமல் விடுங்கள். நாள் தவறாமல் படம் வந்தாக வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

நிறுத்தியிருந்த நான் அந்த நிலநடுக்கச் செய்திக்கு மறுபடி போனேன். சிறுமி வேண்டாம், கண்ணீர் வேண்டாம், பொன்னிற வெளிச்சம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வெளியேற்ற மூன்று மாலைகள் ஆயின. கடைசியில் வந்த படத்தில் ஒரு தெரு நிறைய மனிதர்கள். ஒருவர் மட்டும் கையை உயர்த்தி நிற்கிறார், யாருடைய வாயும் திறந்திருக்கவில்லை. அதன் கீழே தேதியையும் அந்த வரியையும் எழுதிவைத்திருக்கிறேன். நீங்கள் வெளியேற்றியவை எவை என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யும் ஒருவர்