வெயில் ஏறும்போது வோல்டேஜ் இறங்கும்: ஆர்.வி.யில் புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடையில் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டியில், அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வழி, எந்த ஏரி, என்ன சமையல் என்பதையெல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். முகாமில் வண்டியின் பிளக்கைச் செருகப்போகும் மின்பெட்டியைப் பற்றி அநேகமாக யாரும் பேசியிருக்க மாட்டீர்கள். நானும் பேசவில்லை. அதனால் ஏ.சி. எரிந்துபோய், எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவுக்கு இரவு முழுவதும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெக்சஸின் ஹில் கன்ட்ரி பகுதியில், ஒரு ஜூலை மாதத்தில் நடந்தது. ஆற்றை ஒட்டி, வரிசையின் கடைசி இடம் எங்களுக்கு. நிழலுக்காக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய இடம் அது. காலையில் வந்து செருகியபோது எல்லாம் சரியாக ஓடியது. மாலை நான்கு மணிவாக்கில் ஏ.சி.யின் சத்தம் மாறியது. கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், அடித்தொண்டையில் உறுமும், டக்கென்று நின்றுவிடும். சிறிது நேரத்தில் மறுபடியும் அதே உறுமல். விளக்குகள் பளிச்சென்று எரிந்ததால் மின்சாரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவர் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சிறிய மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சாக்கெட்டில் செருகினார். 101 வோல்ட் என்று காட்டியது. ஏ.சி. மறுபடி உறுமியபோது 97. அவர் ஓடிப்போய்ப் பிரேக்கரைத் தட்டுவதற்குள், வார்னிஷ் கருகும் வாடை உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அதே சாக்கெட்டில் 119 இருந்தது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு லோ வோல்டேஜ் புதிதில்லை. குண்டு பல்பு செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிடும், டியூப் லைட் சிமிட்டிச் சிமிட்டி எரியாமலே நிற்கும், அம்மா ஓடிப்போய் ஃபிரிட்ஜை நிறுத்துவாள். ஃபிரிட்ஜ் வாங்கும்போதே ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்கிய வீடுகள் நம்முடையவை. அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. இங்கே வீட்டுக்கு வரும் 120 வோல்ட், 114-க்கும் 126-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. முகாம் உங்கள் வீடு அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆர்.வி.யின் விளக்குகள் 12 வோல்ட் பேட்டரியில் எரிபவை. வெளியே வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் அவை மங்குவதில்லை. பல்பு சிவந்து எச்சரித்த அந்த வசதி இங்கே கிடையாது.

பிரேக்கர் காப்பாற்றும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பிரேக்கர் பார்ப்பது மிகையான ஆம்பியரை. வோல்டேஜ் குறைந்தால் அதற்குத் தெரியாது. மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 120 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால், கம்ப்ரஸருக்குக் கிடைக்கும் விசை பத்தில் ஏழு பங்குகூட இல்லை. உள்ளே அழுத்தத்தில் நிற்கும் குளிர்வாயுவைத் தள்ளிக்கொண்டு அதனால் கிளம்ப முடியாது. கிளம்பாத மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு ஆம்பியரை இழுத்துக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தச் சூட்டில்தான் சுருளின் மேல்பூச்சு கருகுகிறது.

முகாமில் வோல்டேஜ் ஏன் இறங்குகிறது? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி இடம்வரை நீளமாக ஓடும் கம்பி. பிற்பகலில் எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் ஏ.சி. இவை இரண்டும் சேர்ந்தால் கடைசியில் நிற்பவருக்கு மிச்சம்தான் வந்து சேரும். அமெரிக்க மின்விதியான என்.இ.சி.யின் 551-ஆம் பிரிவு, 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள முகாமில் மொத்தச் சுமையை 41 சதவீதமாகக் கணக்கிட்டுக் கம்பி போட அனுமதிக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் முழுச்சுமையை இழுக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் வந்த கணக்கு அது. நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் அந்த எண்ணம் பொய்த்துப்போகிறது. முகாம்களில் கம்பி நீளமாக இருப்பதால் அட்டவணைப்படி போட்ட கம்பி போதாமல் போகலாம் என்று அந்த விதிப்புத்தகமே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்புதான், கட்டாயமில்லை.

நாமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமாகக் கிடைப்பது 3,600 வாட். கூரை ஏ.சி. ஓடும்போது சுமார் 13 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அதோடு 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் வைத்தால் இன்னும் 15. மூலையில் ரைஸ் குக்கர், சட்னிக்கு மிக்ஸி, மின்சாரத்தில் ஓடும் வெந்நீர்த் தொட்டி. வண்டியில் கேஸ் அடுப்பு இருக்கிறது, ஏ.சி. ஓடும் நேரத்தில் அதிலேயே சமையுங்கள். வெந்நீரையும், இரண்டு வழியிலும் ஓடும் ஃபிரிட்ஜாக இருந்தால் அதையும், கேஸுக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு ஆம்பியரும் உங்கள் வோல்டேஜை மட்டுமல்ல, பக்கத்து வண்டியின் வோல்டேஜையும் இறக்குகிறது.

முகாமுக்குப் போனதும் முதலில் பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டு சாக்கெட்டைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலும், பிளாஸ்டிக் உருகியிருந்தாலும், பிளக் இறுகப் பிடிக்காமல் ஆடினாலும் வேறு இடம் கேளுங்கள். தளர்ந்த இணைப்பே பல வோல்ட்டை விழுங்கிவிடும். வீட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பி வேண்டவே வேண்டாம். 30 ஆம்பியர் வண்டிக்கான தடித்த 10 கேஜ் கம்பியே, 50 அடி நீளத்தில் 25 ஆம்பியர் ஓடும்போது இரண்டரை வோல்ட்டைத் தின்கிறது. பிறகு அளந்து பாருங்கள். சுமை இல்லாமல் ஒருமுறை, ஏ.சி. ஓடும்போது ஒருமுறை, பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள் கட்டாயம் ஒருமுறை. காலையில் பார்த்த 119-ஐ நம்பி மாலையைக் கடத்த முடியாது. 108-க்கு வந்தால் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். வியர்த்துக் கொட்டினாலும் நிறுத்துங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் காரில் ஏற்றி, குளிர்ந்த இடம் எதற்காவது இரண்டு மணி நேரம் அழைத்துப் போய் வாருங்கள். நிறுத்திய ஏ.சி.யை உடனே போடாமல் சில நிமிடங்கள் விட்டுப் போடுங்கள். உள்ளழுத்தம் சமமாக அந்த நேரம் வேண்டும்.

கடையில் ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்று விற்பதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. வெறும் சர்ஜ் புரொடெக்டர் இடிமின்னல் போன்ற திடீர் எழுச்சியை உறிஞ்சும். குறைந்த வோல்டேஜை ஒன்றும் செய்யாது. உங்களுக்குத் தேவை இ.எம்.எஸ். என்று சொல்லப்படும் கருவி. பரவலாகக் கிடைப்பவை 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ 132-க்கு மேலே ஏறினாலோ இணைப்பைத் துண்டித்துவிட்டு, சரியானதும் ஓரிரு நிமிடம் காத்திருந்து திரும்பக் கொடுக்கின்றன. 50 ஆம்பியர் இணைப்பில் நியூட்ரல் கம்பியின் தொடர்பு விட்டுப்போனால் ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறி எல்லாவற்றையும் எரித்துவிடும். அதையும் இது பிடித்துவிடும். வாடகை வண்டியாக இருந்தால், சாவி வாங்கும்போதே இது உள்ளதா என்று கேளுங்கள். நம் ஸ்டெபிலைசர் போல வோல்டேஜை உயர்த்தித் தரும் ஆட்டோஃபார்மரும் விற்கிறார்கள். அது உயர்த்தும் அளவுக்குப் பெட்டியிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும் என்பதால், முகாமில் அனுமதி கேட்காமல் மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வோல்டேஜ் குறைந்தால் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். இரண்டு நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அன்று நானும் கூச்சப்பட்டேன். மீட்டரில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். நிழல் இல்லாவிட்டாலும் அந்த இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து ஓர் ஆர்.வி. பயணி