பந்து சுமந்து வந்தவர்களுக்கு

கீழக்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் சொந்தங்களுக்கும், துபாய் தேராவில் என்னோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பவுலிங் போட்டிகளில் ஆடுவதை நிறுத்திவிட்டேன். இடது மணிக்கட்டு இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியதும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினீர்கள், நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மேடை ஏறினால் எனக்கு நாக்கு எழாது. "எல்லாருக்கும் நன்றி" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினேன். சீதக்காதி பிறந்த ஊரில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. வாங்கியவன் அதை வாய்விட்டுச் சொல்லவாவது வேண்டும். அதற்குத்தான் இது.

முதலில் ஒரு விளக்கம். பவுலர் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்து "எந்த டீம் காக்கா?" என்று இன்னும் கேட்கிறார்கள் (நம்மூரில் அண்ணனைக் காக்கா என்போம்). நான் ஆடியது டென்பின் பவுலிங். கோட்டிலிருந்து 60 அடி தள்ளி, முக்கோணமாக நிற்கும் பத்து பின்களை, அதாவது பாட்டில் மாதிரியான கட்டைகளை, பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். வரிசையாக 12 ஸ்ட்ரைக் விழுந்தால் 300. அதற்கு மேல் இந்த ஆட்டத்தில் புள்ளி கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். தளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் பூச்சு ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆளை அழவைக்கும். சாதாரணமாக முதல் 40 அடிக்குப் பூசுவார்கள். அதுவரை வழுக்கிக்கொண்டே போகும் பந்து, காய்ந்த பலகையைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு வளையும். ஆட ஆட எண்ணெய் தேயும். காலையில் ஸ்ட்ரைக் கொடுத்த பாதையை மதியம் நம்ப முடியாது.

அந்த எண்ணெய் பூசும் மெஷினைத் தள்ளுவதுதான் துபாயில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. தளத்துக்குப் பின்னால், பின் அடுக்கும் மெஷினில் சிக்கும் பின்களை எடுத்துவிடுவதும் என் பாடு. ஆடுவோம் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒருநாள் கடை மூடும் நேரத்தில், சும்மா கிடந்த பந்து ஒன்றை எடுத்து உருட்டினேன். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் அங்கே கோச்சாக இருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, பேங் நெப்போமுசேனோவைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். 1976, 1980, 1992, 1996 என நான்கு முறை பவுலிங் உலகக் கோப்பை வென்ற அவர் நாட்டுக்காரர், என்னைப் போலவே இடது கைக்காரர். தளத்தில் பெரும்பாலும் வலது கைக்காரர்களே ஆடுவதால் அவர்கள் பக்கத்து எண்ணெய்தான் சீக்கிரம் தேய்கிறது. இடது பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கும், அதைப் பிடித்துக்கொள் என்றார் கோச். கடைசிவரை என்னிடம் அவர் காசு வாங்கியதே இல்லை. ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் நம்மூர் இனிப்பான தொதல் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உம்மாவைச் சொல்ல வேண்டும். பீச்சாங்கைக்காரப் பிள்ளையை நாலு பேர் நாலு விதமாகத் திருத்தப் பார்த்தபோது, "சோறு மட்டும் சோத்துக்கையால திங்கட்டும், மத்தது அவன் இஷ்டம்" என்று முடித்துவிட்டவர் அவர். வாப்பா சங்கு குளித்தவர். அவரோடு வள்ளத்தில் போய்ப் பழகிய எனக்கு, முதல் அடி வைக்கும் முன் மூச்சை அடக்கி நிதானப்படுத்த யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, பந்து விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்கு ஒரு பந்து போதாது. எண்ணெயில் நன்றாக வளைவது ஒன்று, கொஞ்சமாக வளைவது ஒன்று, மூலையில் தனியாக நிற்கும் 7-ஆம் பின்னை நேராகப் போய் அடிக்க ஒன்று. என் பந்து ஒவ்வொன்றும் 15 பவுண்டு, ஏறக்குறைய 7 கிலோ. மூன்றை வைத்தால் விமானத்தில் என் லக்கேஜ் அதோடு சரி. லீவு எடுத்து தேசியப் போட்டிக்கு வரும்போதெல்லாம், ஊருக்கு வருகிற ஏர்வாடிக்காரரும் பெரியபட்டினத்துத் தம்பியும் திருப்பாலைக்குடி மச்சானும் ஆளுக்கொரு பந்தைத் தங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழு கிலோ என்றால் என்னவென்று சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாங்கிய பால்மாவும் கோடாலித் தைலமும் போர்வையும் அறையிலேயே தங்கிவிடும். ஒருமுறை ஸ்கேனில் உருண்டையும் அதற்குள்ளே ஒரு கட்டியும் தெரிய, தம்பியை ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். பந்துக்குள்ளே எடைக்கட்டி இருக்கும் என்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? "பந்துதான் சார், எங்க காக்காவோடது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். தேசியப் போட்டி இரட்டையரில் எனக்குக் கிடைத்த வெள்ளி அந்தப் பந்தில் வந்ததுதான். அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பால்மா வரவில்லை.

300 அடித்தாயா என்று கேட்கிறவர்களுக்கு: அடித்தேன், ஒரே ஒருமுறை. போட்டியில் இல்லை, பயிற்சியில். அதனால் எந்தப் பதிவிலும் ஏறாது. பார்த்த ஒரே சாட்சி, தரை துடைத்துக்கொண்டிருந்த தொண்டிக்காரர். திரையில் ஸ்ட்ரைக்குக்கான எக்ஸ் குறி மட்டுமே வரிசையாக வருவதைப் பார்த்து, "என்ன காக்கா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார். விஷயம் புரிந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். கோப்பைகளை வாங்கிய நாட்கள் மங்கிவிட்டன, அந்த டீயின் சூடு மறக்கவில்லை.

நம்மூர் வழக்கப்படி நான் பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை. "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களிடம் மாமி சளைக்காமல் "பந்து உருட்டுறார்" என்றே சொல்லிவந்தார். பீங்கான் அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து கோப்பைகளுக்குக் கொடுத்தவரும் அவரே. மாமி தன் பீங்கானை இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கீழக்கரைக்காரர்களுக்குப் புரியும். போட்டி நுழைவுக் கட்டணம் கட்டிய மாதங்களில் நான் அனுப்பும் பணம் குறையும். லாத்தாவும் (அக்கா) என் வீட்டுக்காரியும் தங்களுக்குள் பேசிச் சமாளித்தார்கள். எப்படிச் சமாளித்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் கரையில் இந்த ஆட்டத்துக்குத் தளம் கிடையாது. பந்து எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். மூன்று பந்துகளும் திண்ணையில்தான் இருக்கின்றன. விரல்துளைகள் இடது கை அளவுக்குப் போட்டவை, கையை உள்ளே விட்டு இழுக்க வேண்டாம். பெரியவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள், காலில் விழுந்தால் நகம் போய்விடும்.