லொன் சேனி வெறும் பேய்ப்பட நடிகர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை ஞாயிறு மலர்ல ஊமைப்பட நடிகர் லொன் சேனியைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தியள், முதல்ல அதுக்கு நன்றி, ஏனெண்டா தமிழ்ப் பேப்பர்ல சார்லி சாப்ளினை விட்டா வேற ஊமைப்படக்காரர் ஒருத்தற்ற பேரும் வாறது குறைவு. ஆனா எழுதினவர் அந்த மனுசனை "பேய்ப்பட நடிகர்" எண்டு சொல்லி அதோட முடிச்சிட்டார். அதுக்கு மேல, பக்கத்தில போட்ட ஓநாய் மூஞ்சிப் படம் அவற்ற படமே இல்லை, அது அவற்ற மகன், 1941ல வந்த 'த வுல்ஃப் மேன்' படத்தில. மகன்ட சொந்தப் பேர் கிரெய்ட்டன், தகப்பன் செத்த பிறகுதான் சினிமாக்காரர் தகப்பன்ட பேரை அந்தாள்ட தலையில கட்டினவை. தகப்பன் செத்து பதினொரு வருசம் கழிச்சு வந்த படத்தை தகப்பன்ட கணக்கில எழுதினா எப்பிடி?

நான் கொழும்பில கனகாலம் மேடை நாடகங்களுக்கு மேக்கப் போட்டுத் திரிஞ்ச ஆள். முத்துவெள்ளையும் கண்மையும் ஒட்டுத்தாடியும்தான் என்ர தொழில், அதால மேக்கப்பைக் குறைச்சுச் சொல்ல எனக்கு வாய் வராது. எண்டாலும் சொல்லுறன், சேனியை சேனி ஆக்கினது மேக்கப் பெட்டி இல்லை, அவற்ற வீடு.

1883 ஏப்ரல் 1ஆந் திகதி அமெரிக்காவில கொலராடோ மாநிலத்துக் கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல பிறந்தவர். தாய்க்கும் காது கேக்காது, தகப்பனுக்கும் கேக்காது. தகப்பன் முடிவெட்டுற வேலை. தாயின்ட தகப்பன்தான் அந்த மாநிலத்தில காது கேக்காத பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினவர். தாய் வருத்தமாகிப் படுக்கையில விழ பெடியன் படிப்பை விட்டுட்டு அவவைப் பாக்க நிண்டிட்டான், ஊரில நடக்கிறதை எல்லாம் தாய்க்கு கையாலயும் முகத்தாலயும்தான் சொல்லிக் காட்டவேணும், கடைக்காரன் எப்பிடி நடந்தான், பக்கத்து வீட்டு மனுசி எப்பிடிக் கோவிச்சா எண்டு எல்லாம். இதைவிட ஒரு நடிப்புக் கல்லூரி எங்க இருக்கு சொல்லுங்கோ. உங்கட கட்டுரையில இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

பிறகு மேடை. 1902ல தமையனோட நாடகத்துக்கு வந்தவர், ஊர் ஊராப் போற கொம்பனியளில பாட்டு, ஆட்டம், பகிடி, திரை இழுக்கிறது, சாமான் தூக்கிறது, எல்லாம். இஞ்ச மருதானையில டவர் ஹோல் நாடகக் கொட்டகை திறந்தது 1911, அந்த நேரம் அந்தாள் அமெரிக்காவில மேடையில ஆடிப்பாடிக்கொண்டு நிண்டவர். மனுசி கிளீவா நல்ல பாட்டுக்காரி, 1913ல லொஸ் ஏஞ்சல்ஸ்ல அவர் வேலை செய்த தியேட்டருக்கே வந்து நஞ்சு குடிச்சிட்டா. உயிர் தப்பினது, குரல் போட்டுது. அந்தக் கதை பேப்பரெல்லாம் நாற, மேடை வாழ்க்கை முடிஞ்சு, அவர் யுனிவர்சல் ஸ்டூடியோவில துண்டு வேசங்களுக்குப் போய் நிண்டார். அது கனவருசம் இழுபட்டது.

1919ல 'த மிராக்கிள் மேன்' வந்த பிறகுதான் ஆள் யாரெண்டு சனத்துக்குத் தெரிஞ்சது. கை கால் முறுகின முடவன் மாதிரி ஏமாத்துற ஆளா வாறார், தவண்டு வந்து ஒவ்வொரு மூட்டா நிமிர்ந்து எழும்புற இடம் இருக்கே! அந்தப் படத்தில இப்ப மிஞ்சிக் கிடக்கிறது சில நிமிசத் துண்டுதான், அதுக்குள்ள அந்தக் காட்சி தப்பினது எங்கட அதிஷ்டம். அதில முகத்தில பெரிய மேக்கப் ஒண்டும் இல்லை, உடம்புதான். அடுத்த வருசம் 'த பெனல்டி', காலில்லாத ரவுடி, ரெண்டு காலையும் பின்னால மடிச்சு தோல்வாரால இறுக்கிக் கட்டிக்கொண்டு முழங்காலால நடந்தவர், கொஞ்ச நேரத்துக்கு மேல தாங்கேலாமல் கழட்டிக் கழட்டித்தான் எடுத்தவையாம்.

1923ல 'நோட்ர டாம் கூனன்' படம், அதில அவர்தான் கூனன். கூன் 70 இறாத்தல் எண்டு நீங்களும் எழுதியிருக்கிறியள், அது ஸ்டூடியோ விளம்பரக்காரர் ஊதின கதை, உண்மையான பாரம் அதைவிட நல்லாக் குறைவு எண்டு பிறகு ஆராய்ஞ்ச ஆக்கள் சொல்லிப்போட்டினம். நான் சொல்ல வந்தது வேற. கதையில அந்தக் கூனனுக்குக் காது கேக்காது, மணியடிச்சு மணியடிச்சே செவிடாப் போனவன். காது கேக்காத தாய் தகப்பன்ட பிள்ளை அந்த வேசத்தைப் போட்டிருக்கிறான் எண்டதை மனசில வச்சுக்கொண்டு ஒருக்கா பாருங்கோ, கசையடிக்குப் பிறகு கதாநாயகி எஸ்மெரால்டா அவனுக்குத் தண்ணி குடுக்கிற இடத்தில உங்களுக்குக் கூன் தெரியாது, கண்தான் தெரியும்.

1925ல வந்த 'த பான்டம் ஒஃப் த ஒபரா' படத்தில அவர் போட்ட கோர முகத்தைப் பற்றி நீங்க நிறைய எழுதிட்டியள், நான் விடுறன். மேக்கப்பைப் பற்றி பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கே கட்டுரை எழுதிக் குடுத்த மனுசன் அவர். ஆனா 'டெல் இட் டு த மரீன்ஸ்' எண்ட படத்தில ஒரு மேக்கப்பும் இல்லாமல் சாதாரண சார்ஜன்டா வாறார், அதைப் பாத்திட்டு அமெரிக்க மரீன் படை அவரைக் கௌரவ உறுப்பினராச் சேர்த்தது. பேய்ப்பட நடிகருக்கு ஏன் அது?

பேசும்படம் வந்த உடன ஆள் பின்வாங்கிக்கொண்டு இருந்தவர், கடைசியில 1930ல 'த அன்ஹோலி த்ரீ' படத்தைத் திரும்ப எடுத்து ஒரே ஆள் அஞ்சு குரலில பேசி, அஞ்சும் என்ர குரல்தான் எண்டு சத்தியக்கடதாசியும் எழுதிக் குடுத்தவர். அதுதான் ஒரே பேசும்படம். அதே வருசம் ஓகஸ்ட் 26, புற்றுநோயால செத்தார், 47 வயசு. கடைசி நாளில குரல் போய், கைச்சைகையாலதான் கதைச்சவர்.

அவர் நடிச்ச படங்களில பெரும்பகுதி இப்ப இல்லை. 1927ல வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' பிலிமின்ட கடைசிப் பிரதி 1965ல ஸ்டூடியோக் களஞ்சியம் பத்தினதில போட்டுது. எங்கட நாட்டு முதல் ஊமைப்படம் 'ராஜகீய விக்கிரமய'வும் இப்பிடித்தான், 1925ல எடுத்து வெளிநாட்டில ஓட்டிட்டு இஞ்ச காட்ட முதலே எரிஞ்சது. அதைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கோ, படம் மட்டும் சரியாப் பாத்துப் போடுங்கோ.

இப்படிக்கு,
பழைய மேக்கப்காரன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06