சரிபாதி தீர்வாகாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுச் செய்தியை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி முழுவதும் உன் குழுவில் இருக்கும் அந்த இருவரைப் பற்றியே எழுதியிருக்கிறாய். முதலில் என் வாழ்த்துகளைப் பெற்றுக்கொள். உனக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டிய பொறுப்பு இது. இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி தணிந்திருப்பதால் மறுபடி காலையில் நடக்கத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் என்னைக் குறைதீர்ப்புக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். நீ எழுதியிருப்பது போன்ற மனத்தாங்கல்களைக் கேட்பதுதான் இப்போது என் வேலையில் பாதி.

இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தேன், சச்சரவு ஓய்ந்துவிட்டது என்கிறாய். எனக்கு அந்த ஓய்வுதான் கவலை தருகிறது. வாய்விட்டுச் சண்டை போடுகிறவர்களுக்கு இன்னும் ஏதோ எதிர்பார்ப்பு இருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டு, சின்ன விஷயத்துக்கும் மேலதிகாரிக்கு நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குகிறவர்கள் சாட்சி சேர்க்கிறார்கள். எங்கள் குழுவுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட அமைதிக்குப் பிறகு வந்தவைதான்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-இல் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறார். பிணக்கை மூன்று வழிகளில் கையாளலாம் என்றார்: ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, இருவரின் தேவையும் நிறைவேறும் புது வழியைக் கண்டுபிடிப்பது. அதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டு ஹார்வர்ட் நூலகத்தின் ஒரு சிறிய அறையில் நடந்தது. ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார். ஃபாலெட்டுக்கு அது மூடியே இருக்க வேண்டும். ஆள் இல்லாத அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே மேலே படாமல் இருப்பது. இரண்டும் கிடைத்தன. ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தால் அவருக்குக் காற்றும் போதாது, இவருக்குக் குளிரும் விடாது.

நீ செய்த சரிபாதி அந்தப் பாதி ஜன்னல்தான் என்று நினைக்கிறேன். நீ எழுதியதை வைத்தே சொல்கிறேன்: மூத்தவர், தன்னிடம் கேட்காமல் கால அட்டவணையை மாற்றிவிட்டார்கள் என்கிறார். இளையவர், தான் செய்த வேலை தன் பெயரில் மேலே போவதில்லை என்கிறார். ஒருவருக்கு முன்கூட்டியே தகவல் வேண்டும், மற்றவருக்கு அங்கீகாரம் வேண்டும். வேலையின் அளவைப் பற்றி இருவரில் யாரும் வாயே திறக்கவில்லையே! நீ அளந்து கொடுத்தது அவர்கள் கேட்காத ஒன்றை.

இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைப்பதற்கு அவசரப்படாதே. முதலில் தனித்தனியாகக் கேள். ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்’ என்று தொடங்கினால் தற்காப்புதான் பதிலாக வரும். ‘இதனால் உங்களுக்கு என்ன சிரமம் ஏற்பட்டது’ என்று கேட்டுப் பார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்லாதே. நம் தாமதத்துக்குச் சூழ்நிலையையும் அடுத்தவர் தாமதத்துக்கு அவர் குணத்தையும் காரணம் காட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ‘அவர் ஆளே அப்படித்தான்’ என்ற சொல் வந்தால், அந்த நாளில் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேள்.

குழுக்கள் மோதும்போதும் ஏறக்குறைய இதுதான் கதை. 1954-இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாக்கிப் பரிசுப் போட்டிகளில் மோதவிட்டார். சில நாள்களில் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலை மற்றவர் சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தபோது உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் நின்றபோதும் லாரி நகராமல் நின்றபோதும் சேர்ந்து உழைத்த பிறகே பகை தணிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஆண்டு நடந்து தோற்ற முயற்சி. அதில் சிறுவர்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பே பழகி நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் எவ்வளவு தூண்டியும் பகை மூளவில்லை. பகை தானாக மூண்டுவிடும் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது’ என்ற பேச்சு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருவர் மிரட்டுகிறார், மற்றவர் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறார் என்றால் அங்கே சமரசம் பேசுவது மிரட்டுகிறவருக்குத் துணை போவதுதான். அதற்கு விசாரணை வேண்டும், நடவடிக்கை வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. 20,000-க்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நடந்த கொடுமையைச் சொன்னார்கள். உலகமே வியந்தது, நானும் மதிக்கிறேன். ஆனால் ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவாக, ஒருவருக்கு ஒரே முறை 30,000 ராண்ட் (அந்நாட்டுப் பணம்) இழப்பீடு என்று 2003-இல் அரசு அறிவித்தபோது, மன்னிப்பை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இழப்பீட்டை மறந்துவிட்டார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் மனம் கசந்தார்கள். அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது.

உன் இருவர் விவகாரம் அப்படிப்பட்டது இல்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும், இளையவர் தனியாகப் பேசும்போது வார்த்தைகளை அளந்து பேசுகிறாரா, மூத்தவரின் பெயர் வந்தால் குரல் தாழ்கிறதா என்று கவனித்துக்கொள். அப்படி இருந்தால் நீயே தீர்க்க முயலாமல் உங்கள் நிர்வாகத்தின் புகார்ப் பிரிவுக்குக் கொண்டுபோ.

இல்லையென்றால் இரண்டு சின்ன ஏற்பாடுகள் போதும். அட்டவணை மாற்றம் எதுவானாலும் முந்தைய நாளே இருவருக்கும் போய்ச் சேரட்டும். மேலே போகும் அறிக்கையில் செய்தவர் பெயர் இருக்கட்டும். பேசிப் பார்த்துவிட்டு எழுது. மூத்தவர் என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுது, உன் முடிவைப் பிறகு சொல்லலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்